தலைமாட்டை அறுத்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் கல்யாணக் கட்டிலை அறுத்து என் வீட்டுக்காரர் மேசை செய்தார். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் என் கழுத்தைப் பார்க்கிறார்கள், தாலி இருக்கிறதா என்று. பிறகு முகத்தைப் பார்க்கிறார்கள், பாவம் என்பதுபோல. பாவப்பட ஒன்றுமில்லை. அப்படியொரு பொருளை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. அதைச் செய்த மனிதரையும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நான் சரியாகப் பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். இந்தப் பக்கம் ஜெராம், அந்தப் பக்கம் பத்தாங் காலி, நடுவில் இருக்கிற அத்தனை தோட்டத்துச் செம்மண் ரோடும் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. எந்த ரோடு மழைக்கு இளகும், எந்த ஆலை வாசலில் லோரிகள் வரிசை கட்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவருக்கு இனிப்பு நீர் வியாதி இருந்தது. செருப்புக் கடித்த கொப்புளத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொப்புளம் புண்ணாகி, புண் கறுத்து, கடைசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கும் எங்கள் வரிசை வீட்டுக்கு வந்தவர் கட்டிலில் படுத்தார். படுத்தவர் படுத்தவர்தான். கழிப்பறைக்குப் போக நான் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். சாப்பாடு கட்டிலில், டிவி கட்டிலிலிருந்து, யாராவது பார்க்க வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவதுபோல நடிப்பு. காலையில் "எந்திரிங்க" என்று நான் சொல்வதும், "எந்திரிச்சு எங்க போகப் போறேன்?" என்று அவர் கேட்பதும் எங்கள் வீட்டுச் சுப்ரபாதம் ஆகிவிட்டது. பொறுமைக்கும் எனக்கும் எப்போதுமே தூரம். சில நாள் சமையலறையில் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

நான் ரவாங்கில் ஒரு பிளாஸ்டிக் சாமான் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலை பஸ் எங்கள் தாமான் குடியிருப்பின் முனைக்கு வரும். திரும்பி வர இருட்டிவிடும். அவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளமில்லாத லீவு எடுத்திருந்தேன். அந்த மாதத்தோடு லீவு முடிந்தது. திங்கட்கிழமை வராவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் என்று சூப்பர்வைசர் நல்லவிதமாகவே சொல்லிவிட்டார். ஒரே மகள் ஜொகூரில் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அவளை வா என்று கூப்பிட எங்கள் இரண்டு பேருக்கும் மனமில்லை. ஆகவே அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அவர் பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்க வேண்டும். தானாக எழுந்து நாற்காலியில் உட்காராத மனிதர் எப்படித் தனியாக இருப்பார்?

"ஒரு ஃபிளாஸ்க்கும் ரொட்டியும் தலமாட்டுல வெச்சிட்டுப் போ. கெடக்கிறேன்" என்றார்.

அந்தக் 'கெடக்கிறேன்' என்கிற வார்த்தையைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் வைக்க முடியாது.

லோரி முதலாளி ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். சுவர்ப்பக்கம் திரும்ப இவருக்கு நேரம் கிடைக்கவில்லை. முதலாளி சுற்றி வளைக்காமல் சொன்னார்: காலைப் பற்றி எனக்குக் கவலையில்லை, உன் மண்டைக்குள் இருக்கிற ரோடுகள்தான் வேண்டும், வீட்டிலேயே உட்கார்ந்து டிரைவர்களுக்குப் போன் போட்டு எந்த லோரி எந்தத் தோட்டத்துக்கு என்று சொல்லு. ஒரு போனும், சிறிய கணினியும் கொடுத்துவிட்டுப் போனார். என் லீவு முடிகிற அதே திங்கட்கிழமையிலிருந்து வேலை. இவர் "பாக்கலாம்" என்றார். படுத்துக்கொண்டே இரண்டு மூன்று நாள் பழகிப் பார்த்தார். கணினி வயிற்றின் மேல் ஏறி இறங்கியது. போன் மெத்தை இடுக்கில் போய் விழுந்து அங்கேயே மணி அடித்தது.

மேசை வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. டவுனில் ஒரு கடையில் பார்த்து வாங்கி வந்தேன். சக்கர நாற்காலியை உள்ளே தள்ளினால் கைப்பிடி இழுப்பறையில் இடித்து நின்றுவிட்டது. பந்தியில் இலைக்கு எட்டாத தூரத்தில் உட்கார வைக்கப்பட்ட விருந்தாளிபோல அவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் மறுபடியும் கட்டிலுக்குப் போய்விட்டார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மேசையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

எங்கள் கட்டிலின் தலைமாட்டுப் பலகை பலகையாக இருக்காது. மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், இரண்டுக்கும் நடுவில் கடைந்த குச்சிகள் ஜன்னல் கம்பிபோல வரிசையாக நிற்கும். மேல் சட்டத்தின் நடுவில் ஒரு பூ செதுக்கியிருக்கும். அவர் புரண்டு படுக்க வேண்டுமென்றால் அந்தக் குச்சிகளைப் பிடித்துத்தான் புரள்வார். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் அண்ணாந்து படுத்தபடி கையைப் பின்னால் விட்டு மேல் சட்டத்தைச் சாண் போட்டு அளந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. பிறகு மறுபடியும்.

"இது அஞ்சடி" என்றார்.

"இருக்கட்டும். யாரு இல்லன்னா?"

"பாதி ரெண்டரை அடி."

"கணக்கு வாத்தியாரா ஆயிட்டீங்களா?"

"மேசையோட உயரம் ரெண்டரை அடிலா. இத நடுவுல அறுத்து, அறுத்த பக்கம் தரையில ஊனி நிக்க வெச்சா, ரெண்டு பக்கக் காலு ரெடி. இழுப்பறை கெடையாது. நாற்காலி நேரா உள்ள போகும்."

என் கையில் இருந்தது அவருடைய சட்டை. அதையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த மனிதர் என்று நான் நினைத்தேனே, தலைக்கு மேலே இருந்த பொருளை மனத்துக்குள் எத்தனை தடவை பிரித்துப் பூட்டியிருப்பார்? மேல்பலகைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அலமாரியின் இரண்டு கதவுகள் என்றார். அதற்கும் பதில் வைத்திருந்தார்.

அந்தக் கட்டில், அலமாரி, முகம் பார்க்கும் கண்ணாடி மேசை மூன்றும் என் அப்பா சீராகக் கொடுத்தது. "சுத்தத் தேக்கு" என்று கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அப்பா சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் காதில் விழும்படி இரண்டு தடவை சொன்னார். கருஞ்சாயமும் வார்னிஷும் பூசிப் பளபளவென்று இருக்கும். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கல்யாணக் கட்டில் ஆடினால் ஆணி அடிப்பார்கள், கால் உடைந்தால் முட்டுக் கொடுப்பார்கள். தாலி கட்டினவன் இருக்கிற வரைக்கும் அதைப் பிரிக்க மாட்டார்கள். வீட்டில் கட்டிலைப் பிரித்து வெளியே கொண்டு போகிறார்கள் என்றால் அந்த வீட்டில் ஆள் தவறிவிட்டார் என்று அர்த்தம். அறுப்பதைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை.

சனிக்கிழமை என் அக்கா ஜெராமிலிருந்து கருவாடு கொண்டு வந்தாள். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போவதால் வீட்டைக் கொஞ்சம் ஒழுங்குபண்ணிக் கொடுக்கலாம் என்று வந்தவள். விஷயத்தைக் கேட்டதும் கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே கத்தினாள்.

"ஒனக்குப் புத்தி பேதலிச்சிருச்சா? தலமாட்ட ரெண்டா அறுக்கிறதா? புருஷன் ஒரு பக்கம் பொண்டாட்டி ஒரு பக்கம் தல வெச்சுப் படுத்த கட்டில்டி. தம்பிதான் ஒடம்பு முடியாம என்னமோ சொல்றாருன்னா, நீயும் மண்டைய ஆட்டுறியா?"

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் அக்கா ஒன்று சொன்னால் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் அறையிலிருந்து அவர் குரல் வந்தது.

"அக்கா, இங்க வாங்க."

அவள் போய் வாசற்படியில் நின்றாள்.

"கட்டிலப் பிரிச்சா ஆளு போயிட்டான்னுதானே அர்த்தம்? இதுல இப்பிடியே கெடந்தாலும் நான் போனவந்தான். ஆளு எந்திரிச்சிட்டான், இனிமே கட்டிலு வேணாம்னு ஒரு தடவ பிரிப்போமே. அப்பிடி யாரும் பிரிச்சதில்லன்னா நாம பிரிப்போம்."

அக்கா கருவாட்டைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தாள். நாட்காட்டியின் முன்னால் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "நாளைக்குக் காலையில நல்ல நேரம் இருக்கு. அதுக்குள்ள மொத வெட்டு விழணும். சாயந்திரம் ராகு காலத்துக்கு முந்தி உள்ள வந்துறணும்" என்றாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அக்கா பயந்தாலும் பேயோடு நேரம் பேசி முடிவு பண்ணுகிற ரகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மெத்தையை உருட்டிச் சுவரோரம் நிறுத்திவிட்டு நானும் அக்காவும் கட்டிலைக் கழற்றினோம். தலைமாட்டைக் கார் நிறுத்தும் இடத்துக்குத் தூக்கி வந்து இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகளின் மேல் படுக்க வைத்தோம். அக்கா மஞ்சளும் குங்குமமும் வைத்து, ஒரு சூடம் காட்டி, ஆடாமல் இருப்பதற்காக ஒரு முனையில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டாள். அக்காவுக்கு நல்ல உடம்பு. அன்றைக்குத்தான் அது எவ்வளவு உதவி என்று தெரிந்தது. மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் சக்கர நாற்காலியில் வந்து பென்சிலால் கோடு போட்டார். கோடு பூவின் நடுவில் ஓடியது.

ரம்பத்தை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று நான்தான் சொன்னேன். முதல் இழுப்பு விழுந்தது.

அறுப்பது லேசாக இல்லை. அவர் ரம்பத்தை முன்னால் தள்ளினால் நாற்காலி பின்னால் போனது. பிரேக் போட்டும் வழுக்கியது. என் செருப்பைக் கழற்றிச் சக்கரத்துக்கு அடியில் செருகினேன். "ரம்பம் மொட்டை" என்றார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். சிரித்துக்கொண்டே அறுத்தார். அவர் நெற்றியில் வேர்வை இறங்கிப் புருவத்தில் நின்றது. லோரி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து முறுக்கேறிய கை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்தக் கையைச் சோற்றுத் தட்டைப் பிடிக்கும் கையாகத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேல் சட்டம் அறுந்து விழுந்தபோது நான் வெட்டுவாயைப் பார்த்தேன். உள்ளே மரம் வெளுத்துப்போய், பாலாடையில் கொஞ்சம் மஞ்சள் கலந்தாற்போல இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். ரம்பத்தூளை எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். என் கைக்கு முன்பே தெரிந்த மரம் அது.

"இது தேக்கில்ல" என்றேன்.

"என்னது?" என்றாள் அக்கா.

"நீயே பாரு. நாம வெறகு பொளந்த மரம் இது. பால் மரம்."

அக்கா இறங்கி வந்து பார்த்தாள். நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள். பால் வற்றிய மரங்களைத் தோட்டத்தில் சாய்க்கும்போது கிளைகளை இழுத்து வந்து கோடரியால் பிளப்பது எங்கள் இரண்டு பேருடைய வேலை. கறுப்பு வார்னிஷுக்குள் இத்தனை வருஷம் ஒளிந்திருந்தாலும் அதை எங்களிடமிருந்து மறைக்க முடியாது. அப்பா ஏமாந்தாரா, தெரிந்தே சொன்னாரா, இனிமேல் கேட்க வழியில்லை. அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. இவர் என்ன சொல்வாரோ என்று நானும் பார்த்தேன்.

இவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. "ஒங்கப்பா ரெண்டு தடவ சொன்னப்பவே நெனச்சேன்லா. நெஜத் தேக்குக்கு ஒரு தடவ போதும்."

பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அறுந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் வார்னிஷைச் சுரண்டினார். ஒரே சட்டம் என்று நாங்கள் நினைத்தது ஒரே மரம் இல்லை. கைவிரல்களைக் கோத்துக்கொள்வதுபோலப் பல்வெட்டிக் கோத்து ஒட்டிய துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு ரேகை. பால் வெட்டி வெட்டிக் காயம்பட்ட மரத்தில் நீளமான நல்ல கட்டை கிடைக்காது. அதனால் நல்ல பாகமாகப் பொறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு தலைமாட்டில் எத்தனை மரமோ.

நான் அப்படியே அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் அம்மா பால் மரம் வெட்டியவள். என் வீட்டுக்காரருடைய அம்மாவும் அதுதான். இருட்டில் நெற்றி விளக்கோடு போய், மங்குக் கோப்பைகளில் வடிந்த பாலை எடுத்து, வாளியைச் சுமந்தவர்கள். பால் நின்றதும் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். எங்களையும் லயத்திலிருந்து வெளியேற்றினார்கள். அதோடு எல்லாம் முடிந்தது, மரம் அடுப்பில் போனது, நாங்கள் டவுனுக்கு வந்தோம் என்றுதான் நான் கணக்கு வைத்திருந்தேன். அந்த மரங்கள் கடைக்குப் போய், கருஞ்சாயம் பூசிக்கொண்டு, தேக்கு என்று பொய் சொல்லிக்கொண்டு, எங்களுக்கு முன்னாலேயே வந்து முதலிரவு அறையில் காத்துக்கொண்டிருந்திருக்கின்றன. அதன் மேல்தான் படுத்தோம், சண்டை போட்டோம், பிள்ளை பெற்றோம். எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

அக்கா மெதுவாக அறுந்த பூவின் பாதியைத் தடவிக்கொண்டிருந்தாள். "தேக்குன்னா இவ்வளவு நாளு ஒழச்சிருக்குமோ என்னவோ" என்று அப்பாவை விட்டுக்கொடுக்காமல் ஒன்று சொன்னாள்.

அதன் பிறகு வேலை ஓடியது. கீழ்ச் சட்டத்தையும் அறுத்து, இரண்டு பாதிகளையும் அறுத்த வாயைக் கீழே வைத்து நிறுத்தினோம். கட்டில் கால்களில் நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டி எடுத்தார். பக்கச் சட்டங்களை நாலடிக்குக் குறைத்துப் பின்பக்கம் மேலே ஒன்று, தாழ்வாக ஒன்று என்று இரண்டு பாதிகளையும் சேர்த்து முடுக்கினார். மெத்தை தாங்கிய ரீப்பர்கள் மேலே குறுக்காகப் போயின. அவற்றின் மேல் அலமாரிக் கதவுகள். கதவில் பூட்டைக் கழற்றிய ஓட்டை அப்படியே இருந்தது. அதை அடைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், போன் சார்ஜர் ஒயர் அதில் போகும் என்றார். முதலில் நிறுத்தியபோது மேசை நொண்டியது. ரம்பம் பூவைத் தாண்டியதும் கொஞ்சம் பக்கவாட்டில் ஓடியிருந்தது. பழைய டயர் ரப்பரை வெட்டி அந்தக் காலுக்கு அடியில் ஒட்டினார். "இதுக்கும் ஒரு காலு சரியில்ல. எனக்குப் பொருத்தம்தான்" என்றார். காலைப் பற்றி அவர் விளையாட்டாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சாயந்திரம் ராகு காலத்துக்கு முன்னால் மேசையை அறைக்குள் கொண்டு வந்து, சுவரை ஒட்டி நிறுத்தி, பின்சட்டத்தைச் சுவரோடு ஸ்குரு அடித்தோம். அவர் உள்ளே வரப் போனார். "நில்லுங்க தம்பி" என்று அக்கா தடுத்தாள். மடியிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து, புது லோரி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் வைப்போமே, அதேபோல நாற்காலிச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தாள். சூடம் ஏற்றினாள். அவர் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முன்னால் நேராகப் பார்த்துக்கொண்டு, புது வண்டி எடுக்கிற டிரைவர் மாதிரியே இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளினார். ஒரு பழம் வழுக்கி ஓடி அலமாரிக்கு அடியில் போய்விட்டது. இன்னொன்று நசுங்கியது. அறை முழுக்க வாசம்.

நாற்காலி இடிக்காமல் உள்ளே போனது. அவர் இரண்டு முழங்கையையும் மேசைமேல் வைத்து நிமிர்ந்தார். எவ்வளவு உயரமான மனிதர் அவர். நான் அதை மறந்தே போயிருந்தேன். படுத்திருக்கிறவர்களுக்கு உயரம் தெரிவதில்லை.

அக்கா பேத்திக்குப் பள்ளிக்கூடம் என்று பஸ் பிடித்து ஊருக்குப் போனாள். நான் அறையைக் கூட்டித் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். கட்டில் இருந்த இடம் காலியாக, வெளுத்த தரையாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. இவர் எங்கே படுப்பார்?

மூன்று பேருக்கும் சேர்த்து ஆறு கண். நல்ல நேரம் பார்த்தோம், ராகு காலம் பார்த்தோம், எலுமிச்சம்பழம் வைத்தோம். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. கூடத்தில் இருப்பது ரோத்தான் பிரம்பு நாற்காலிகள், ஆள் படுக்க முடியாது. தரையில் மெத்தையைப் போடலாம், ஆனால் தரையில் படுத்தால் இவரை எழுப்புவது யார்? கட்டில் உயரத்திலிருந்து தூக்கி உட்கார வைப்பதற்கே என் இடுப்பு ஒடிந்துவிடும். தரையிலிருந்து தானாக எழுந்து நாற்காலியில் ஏறுவது எப்படி என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இவர் அதைச் செய்யவே மாட்டேன் என்று வீம்பு பிடித்தவர். அக்கம்பக்கத்தில் மடக்குக் கட்டில் கேட்டு வருகிறேன் என்றேன்.

"வேணாம். தரையிலயே போடு. நாற்காலிய மேசைப் பக்கத்துல வெச்சு பிரேக்கு போட்டுரு" என்றார்.

இறக்கிப் படுக்க வைப்பதற்குள் இரண்டு பேரும் விழப் பார்த்தோம். மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் படுத்தேன். நாளைக்கு வேலைக்குப் போவதில்லை என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன். சூப்பர்வைசருக்கு என்ன சொல்வது என்பதுதான் பாக்கி. பக்கத்தில் படுத்திருந்தவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் சீருடையை நான் இஸ்திரி போடவில்லை என்பதை அவர் பார்த்திருப்பார்.

விடியற்காலையில் எழுந்து தண்ணீர் சுட வைத்தேன். பழக்கத்தில் பாதித் தலையைச் சீவியும்விட்டேன். அறையில் மரம் முனகுகிற சத்தம் கேட்டது. சீப்பைக் கையில் வைத்தபடி போய் எட்டிப் பார்த்தேன்.

அவர் மெத்தையிலிருந்து நகர்ந்து மேசையின் பக்கத்தில் இருந்தார். தலைமாட்டில் ஜன்னல் கம்பிபோல நின்ற குச்சிகள், பாதியை நிமிர்த்தி வைத்ததில் குறுக்கே படுத்து, கீழிருந்து மேல்வரை ஏணிப்படி ஆகியிருந்தன. நாள் முழுக்க அதைப் பிடித்தேன், துடைத்தேன், என் கண்ணுக்கு அது தெரியவில்லை. அவர் முதல் படியைப் பிடித்தார். அடுத்ததைப் பிடித்தார். இடது காலை மடக்கித் தரையில் ஊன்றினார். கழுத்து நரம்பு புடைத்தது. தோள் நடுங்கியது. ஓடிப்போய்க் கக்கத்தில் கையைக் கொடுக்க என் உடம்பு துடித்தது. கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுவரோடு முடுக்கிய மேசை அசையவில்லை. இன்னொரு படி. அவர் ஒற்றைக் காலில் நின்றார். மேசையின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு விளிம்பைப் பிடித்தபடி திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

தாமான் முனையில் பஸ் ஹாரன் கேட்டது.

"எவ்வளவு நேரம் அங்கயே நிப்ப?" என்றார் திரும்பாமல்.

"இல்ல, இன்னைக்கு நான் லீவு..."

"எனக்கு ஒரு காலு. ஒனக்குத்தான் ரெண்டு இருக்கில்ல? ஓடு."

போன் மணி அடித்தது. "ம், சொல்லு தம்பி. அந்த ரோட்டுல எறங்காத, ராத்திரி மழ. ஆத்தோரமா சுத்திப் போ" என்று அவர் யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார்.

கசங்கிய சீருடையை மாட்டிக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பில் இருட்டில் காலை நுழைத்துக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, காலில் என்னவோ பெரிதாகத் தொளதொளவென்று இருக்கிறதே என்று குனிந்து பார்த்தேன். இடது காலில் என்னுடைய செருப்பு. வலது காலில் அவருடையது, இனிமேல் அவருக்கு வேண்டாதது. ரவாங் போய்ச் சேரும்வரை நான் அதைக் கழற்றவில்லை.